ஊத்தியாச்சு

எங்கள் வீட்டில் பொய்யன் யார் என்பது என் தம்பிக்குப் பதினேழு வயதிலேயே முடிவாகிவிட்டது. பிளஸ் டூ கணக்குப் பரீட்சையை நன்றாக எழுதிவிட்டேன் என்று சாயங்காலம் வந்து சொன்னவன், பரீட்சை ஹாலுக்குள் போகவேயில்லை. அன்றைக்கு முழுவதும் கூட்டாளிகளோடு அழகர்கோவில் மலையில் குரங்குக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தான். கேள்வித்தாள் எங்கே என்று நான்தான் கேட்டேன். மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு பதினோரு வருடமாக அவன் எதைச் சொன்னாலும் நான் இரண்டாவது தடவை கேட்பேன். சாப்பிட்டுவிட்டேன் என்றால்கூடத் தட்டைப் போய்ப் பார்ப்பேன்.

அவன் பெயர் பீமாராவ். அப்பா ஏன் அந்தப் பெயரை வைத்தார் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் நீங்கள் தெலுங்கா என்று கேட்பார்கள். நான் தமிழ்வாணி, அவனைவிட ஆறு வயது மூத்தவள், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அப்பா ஆண்டிச்சாமி இறந்த பிறகு ஊமச்சிகுளம் வீட்டில் அம்மா, நான், அவன் என்று மூன்றே பேர். எனக்குக் கோபம் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கோபப்படாமல் ஒரு வேலையாவது ஒழுங்காக நடந்திருந்தால் நான் ஏன் கோபப்படப் போகிறேன்.

கார் வாங்கியது என் யோசனை. பீமா அதுவரை ஒரு மரக்கடையில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் சாவியை வாங்குவான், ஓட்டுவான், சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட்டு வருவான். சர்வீஸ், ரிப்பேர் எல்லாம் முதலாளி பாடு. இன்னொருவன் வண்டியை எத்தனை நாளைக்கு ஓட்டுவாய் என்று நான் நச்சரித்து, எங்கள் பரம்பரையிலேயே முதல் காராக, பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மஞ்சள் போர்டு மாற்றி அவன் வாடகைக்கு ஓட்டுவது என்று ஏற்பாடு.

விற்றவர் எஸ்.எஸ். காலனியில் இருந்த பஞ்சாபகேசன், பேங்க் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒன்பது வருட வண்டியைப் புதுசு போலத் துடைத்து வைத்திருந்தார். தம்பியின் பெயரைக் கேட்டுவிட்டு அவரும் தெலுங்கா என்றார். இல்லை, மதுரைதான் என்றேன். அவர் மனைவி அகிலாண்டம் காபி கொண்டுவந்தார். கணவருக்கு டவரா டம்ளரில், எங்கள் இருவருக்கும் பேப்பர் கப்பில். வருகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, குடிக்கவுமில்லை. பீமா என் கப்பையும் சேர்த்துக் குடித்துவிட்டான்.

சாவியோடு ஒரு நோட்டையும் கொடுத்தார் பஞ்சாபகேசன். வண்டிக்கு என்றைக்கு என்ன செய்தார் என்று ஒன்பது வருடத்துக்கும் குண்டு குண்டான எழுத்தில் எழுதிய நோட்டு.

"எல்லாம் இதுல எழுதி வச்சிருக்கேம்மா, படிச்சுப் பாத்துக்கோங்கோ. எஞ்சின் ஆயிலை மட்டும் அசட்டையா விட்டுடாதீங்கோ. அது எப்படின்னா..." என்று ஆரம்பித்தார்.

படிச்சுப் பாத்துக்கோங்கோ என்ற இடத்திலேயே எனக்குச் சுருக்கென்றது. "எங்களுக்கும் படிக்கத் தெரியும் சார்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்வானேன், அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது காரில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் கணக்கு வரிசையாக இருந்தது. "அஞ்சாயிரத்துக்கு ஒருக்கா ஆயில் ஊத்தணும்டா, விட்றாத" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு நோட்டை டேஷ்போர்டு அறைக்குள் போட்டு மூடினேன். அவன் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, பத்தாயிரத்துக்கு ஒரு தடவை போதும் என்று போட்டிருக்கிறதே என்றான். நான் ஐயாயிரம் என்றால் ஐயாயிரம் என்றேன். வெயிலில், புழுதியில், கோரிப்பாளையம் சிக்னலில் நின்று நின்று போகிற வண்டிக்குப் பத்தாயிரம் எப்படித் தாங்கும் என்று, என்னவோ எஞ்சினைப் பிரித்து மாட்டியவள் போல அரைமணி நேரம் பேசினேன். அவன் வழிக்கு வந்தான். நாங்கள் சண்டை போட்டதெல்லாம் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்பதில்தான்.

பட்டறைக்குப் போகட்டுமா என்று முதல் தடவை கேட்டான். ஆயில் ஊத்துவதற்குக்கூட ஒரு பட்டறையா, உனக்குக் கையில்லையா என்றேன். அத்தோடு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான்.

அவனை நம்பி விடுகிறவள் நான் இல்லையே. ஐயாயிரம் நெருங்குகிற சமயம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பிவிடுவேன். "பீமா, ஆயில் ஊத்துனியாடா? போட்டோ அனுப்பு." ஒரு போட்டோ போதாது, இரண்டு வேண்டும். கிலோமீட்டர் தெரிகிற மாதிரி மீட்டர் ஒன்று, பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் ஆயில் டப்பா ஒன்று. டப்பாவின் மூடி திறந்திருக்க வேண்டும். அவன் இரண்டையும் அனுப்பி, கீழே 'ஊத்தியாச்சு' என்று போடுவான். பதினாறு மாதத்தில் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர், ஏழு தடவை, ஏழு ஊத்தியாச்சு. ஏழு தடவையும் மீட்டரைப் பெரிதாக்கிப் பார்த்துச் சரிபார்த்தேன். பொய்யனைக் கட்டி மேய்ப்பது எப்படி என்று என்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பெருமை வேறு.

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். அழகர்கோவிலில் காதுகுத்து முடித்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தவனுக்கு அப்பன்திருப்பதி தாண்டும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. வண்டியை ஓரங்கட்டி, டிக்கியில் வைத்திருந்த டப்பாவில் இருந்து இன்னும் ஒரு லிட்டரை ஊத்தியிருக்கிறான். விளக்கு அணையவில்லை. பின் சீட்டில் மொட்டையடித்த குழந்தை வெயிலில் கத்துகிறது, நேரத்துக்கு வீடு போய்ச் சேர வேண்டும் என்று பெரியவர்கள் கத்துகிறார்கள். ஓட்டிவிடலாம் என்று எடுத்தான். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. எஞ்சின் டக்டக்கென்று அடித்து, இறுகி, நடுரோட்டில் நின்றுவிட்டது. அந்தக் குடும்பம் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கடச்சனேந்தலில் மெக்கானிக் சோணை அண்ணன் பட்டறையில் விட்டான்.

நான் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு அங்கே போனபோது சோணை எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். வண்டி விட வந்தவர்கள் இரண்டு பேர், டீக்கடைக்காரர், ஒரு லோடு ஆட்டோக்காரர் என்று நான்கைந்து பேர் சுற்றி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் இருந்ததை ஆயில் என்று சொல்ல முடியாது. ரோடு போடுகிற தார் மாதிரி கெட்டியாக அப்பிக்கொண்டிருந்தது. சோணை ஸ்க்ரூ டிரைவரால் கிளறினார், அது கோடு விழுந்து அப்படியே நின்றது. ஆயிலை மேலே இழுக்கிற சல்லடை அதில் அடைத்துப் போய், எஞ்சினுக்கு மேலே ஒரு சொட்டு ஏறவில்லை என்றார்.

"தங்கச்சி, இந்த வண்டிக்கு ஆயில் மாத்தி ரெண்டு வருசம் இருக்கும். அடிக்கிற வெயிலுக்கு அஞ்சாயிரத்துக்கு ஒருக்கா மாத்துனாத்தான் எஞ்சின் நிக்கும். இங்க ஒரு தடவகூட மாத்தல."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சட்டையெல்லாம் கிரீஸ். ஊத்தினேனே அண்ணே என்றான் சோணையிடம். ஊத்தியிருந்தால் இந்தக் கதி வராது தம்பி என்றார் அவர். அவருக்கும் நமக்கும் எல்லோருக்கும் ஊத்துவது என்றால் ஒன்றுதான் என்று அப்போது நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏழு தடவையும் ஊத்துனேன்க்கா" என்று என் பக்கம் திரும்பினான். "அப்பா மேல சத்தியமா ஊத்துனேன்."

அப்பாவை இழுத்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. அத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தெரிந்துதான் பேசினேன், தெரியாமல் இல்லை.

"செத்துப்போன ஆளு மேல சத்தியம் பண்ணா யாரு வந்து கேக்கப்போறா? டப்பாவ வாங்கி, மூடியத் திறந்து வச்சு போட்டோ எடுத்துட்டு எவனுக்கோ ஊத்திவிட்ருக்க. பிளஸ் டூவுல ஆரம்பிச்சவன்டா நீ. பொறவிப் பொய்யன். ஒன்னைய நம்பி ஒரு மொபெட்ட குடுக்கலாமா?"

லோடு ஆட்டோக்காரர் சிரித்தார். பீமா சாவியை எடுத்து பானெட் மேல் வைத்துவிட்டு, கையைத் துடைக்காமலே நடந்து போனான். அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் நான் டியூட்டியில் இருக்கும்போது வந்து துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் பைப் கம்பெனியில் வேன் ஓட்டுவதாகவும், அங்கேயே ரூம் எடுத்திருப்பதாகவும் அம்மா மூலம் தெரிந்தது. என் போனை எடுப்பதில்லை. போகட்டும், ரோஷம் வந்தாலாவது புத்தி வருகிறதா பார்ப்போம் என்று நானும் வீம்பாக இருந்தேன்.

அம்மா பாண்டியம்மாள் என்னோடு சண்டை போடவில்லை. அதைவிட மோசம், பேச்சைக் குறைத்துவிட்டாள். சோறு வைத்த தட்டை என் முன்னால் நகர்த்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "அவன் பொய் சொன்னா தரையத்தான் பாப்பான். அன்னைக்கி ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னானாம். சோணை சொன்னாரு." மகனுக்கு வக்காலத்தா என்று கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மாதம் ஓடியது. ஆஸ்பத்திரியில் என் வார்டில் ஒருவருக்குக் காலில் ஆபரேஷன் ஆன புண். புதிதாக வந்திருந்த பவதாரிணி என்ற நர்ஸிடம், ஏழாம் நம்பர் பெட்டுக்கு டிரெஸ்ஸிங் போட்டாச்சா என்று கேட்டேன். போட்டாச்சு சிஸ்டர் என்றாள். வழக்கம்போல நான் நம்பாமல் போய்ப் பார்த்தேன். மேலே கட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. பிரித்தால் அதற்கு அடியில் நேற்றைய பஞ்சு ஊறிப்போய் நாறிக்கொண்டு கிடந்தது. பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்துச் சுற்றியிருக்கிறாள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். மாத்தினாயா என்றுதானே கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்றேன். அவள் அழுதாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"நீங்க மாத்திட்டியான்னு கேக்கல சிஸ்டர். போட்டாச்சான்னுதான் கேட்டீங்க. போட்டேன்."

இன்னும் நாலு வார்த்தை வைவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அவளைப் போகச் சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. போனை எடுத்து, தம்பிக்கு அனுப்பிய குரல் செய்திகளை முதலிலிருந்து வைத்துக் கேட்டேன். ஆயில் ஊத்துனியாடா. ஆயில் ஊத்துனியா இல்லியா. டேய், ஆயில் ஊத்தியாச்சா. ஏழு தடவையும் ஊத்துவதுதான். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, போலீஸ்காரி மாதிரி இருந்தது. ஏழில் ஒன்றில்கூட மாத்து என்ற வார்த்தை இல்லை.

பிறகு போட்டோக்களைப் பார்த்தேன். மீட்டரைத்தான் நான் எப்போதும் பெரிதாக்குவேன், இந்த முறை டப்பாவைப் பெரிதாக்கினேன். ஒரு லிட்டர் டப்பா. ஏழிலும் ஒரு லிட்டர். அங்கிருந்தே சோணைக்குப் போன் போட்டு, அந்த வண்டிக்கு மொத்தம் எவ்வளவு ஆயில் பிடிக்கும் என்று கேட்டேன். மூணரை லிட்டர் என்றார். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மட்டும் மேலே ஊத்திக்கொண்டே வந்தால் என்ன ஆகும் என்றேன்.

"பழைய வண்டி, எரிஞ்சு குறையிற அளவுக்கு அது சரியாப் போயிரும். ஆயில் அளக்குற குச்சிய விட்டுப் பாத்தா அளவு கரெக்டாத்தான் காட்டும். அடில கிடக்குறது அம்புட்டும் அழுக்கு. ஏந் தங்கச்சி, பயபுள்ள மேலயே ஊத்திக்கிட்டு இருந்தானா?"

ஆமாம் அண்ணே, நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சும்மாதான் கேட்டேன் என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பட்டறைக்குப் போய்க் காரின் டேஷ்போர்டு அறையிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். பஞ்சாபகேசன் ஒரு தடவைகூடத் தப்பாக எழுதியிருக்கவில்லை. 'ஆயில் சேஞ்ச்டு, ஃபில்டர் சேஞ்ச்டு, மூன்றரை லிட்டர்' என்று பக்கத்துக்குப் பக்கம் இங்கிலீஷில் எழுதி, தேதி போட்டிருந்தார். அதை நான் படித்திருக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்று அவர் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு வந்து படித்திருக்கிறேன். படித்ததைத் தம்பியிடம் சொல்லும்போது என் வாயில் அது ஊத்துவதாக மாறியிருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதுவரை இருந்த ஒரே வண்டி அப்பாவின் மொபெட். பெட்ரோல் பங்கில் போய் நின்றால் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து டேங்குக்குள் ஊத்துவார்கள். அது பெட்ரோலோடு எரிந்து புகையாகப் போய்விடும். பழைய ஆயில் என்று ஒன்று அந்த வண்டியில் கிடையாது, எடுப்பதற்கும் ஒன்றும் கிடையாது. இருபது வருடம் ஆயில் என்றால் எங்களுக்கு ஊத்துவது. காருக்கு அடியில் ஒரு திருகு இருக்கிறது, அதைக் கழற்றிப் பழையதை எல்லாம் வடித்துவிட்டுத்தான் புதியதை ஊத்த வேண்டும் என்பது, அன்றைக்கு வரைக்கும் எனக்கும் தெரியாது. சோணை மாத்தவில்லை என்று சொன்னபோதுகூட அந்த வித்தியாசம் என் மண்டைக்குள் போகவில்லை. பொய்யனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரித் தோழியின் ஸ்கூட்டியை இரவல் வாங்கிக்கொண்டு ரிங் ரோடு வழியாகக் கப்பலூருக்குப் போனேன். போகிற வழியெல்லாம் ஒத்திகை. மாத்தச் சொல்ல மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். மறதி யாருக்கும் வரும், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. தெரியாது என்று சொல்வதுதான் கஷ்டம். பதினோரு வருடமாக எல்லாம் தெரிந்தவளாக அவன் தலையில் உட்கார்ந்திருக்கிறேன். திருமங்கலம் ரோடு வரும்வரைக்கும் மறதிதான் என்று முடிவாக இருந்தேன்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே கூப்பிட்டதும் வந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை, நிழலில் நில் என்றுகூடச் சொல்லவில்லை. இளைத்திருந்தான். அம்மாவுக்கு என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றதும் திரும்பிப் போகப் பார்த்தான். நான் போனில் என் குரல் செய்தியை ஓடவிட்டேன். ஆயில் ஊத்துனியாடா என்று ரோட்டோரம் என் குரல் கத்தியது. பிறகு நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

அவன் படித்தான். இரண்டாவது பக்கத்தையும் புரட்டிப் படித்தான்.

"இது டேஷ்போர்டுலயா கெடந்துச்சு?"

"ஆமா."

"அன்னைக்கி ஊத்துனேன் ஊத்துனேன்னு தொண்ட வத்தக் கத்துனேன். ஒனக்குக் காதுல விழுகல." நோட்டை மூடி என்னிடம் நீட்டினான். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. பழச எடுத்துட்டுத்தான் புதுச ஊத்தணும்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

மறந்துவிட்டேன் என்ற வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. தலையை நிமிர்த்தினேன்.

"தெரியாதுடா."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. தெரியாமலா அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசினாய் என்று கேட்டான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினான்.

"இங்க யாருமில்லாத ரோட்டுல வேணாம். சோணை அண்ணன் பட்டறைல வச்சுத்தான பொய்யன்ன. அங்க வந்து சொல்லு. அன்னைக்கி நின்ன ஆளுக இருக்கும்போது சொல்லு."

உனக்கு ரொம்பத்தான் கொழுப்பு என்று சொல்ல வந்ததை முழுங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் முழுங்கியது அது ஒன்றாகத்தான் இருக்கும். சரி என்றேன். எரிச்சலாக வந்தது. அவன் கேட்டது நியாயம் என்பதுதான் அந்த எரிச்சலுக்குக் காரணம்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் பட்டறைக்குப் போனேன். எங்கள் கார் ஓரமாக, வேப்பமரத்தடியில் காக்கா எச்சத்தோடு நின்றது. டீக்கடைக்காரர் இருந்தார். லோடு ஆட்டோக்காரரைத் தம்பி எப்படியோ வரவழைத்திருந்தான், சிரித்த ஆள் வேண்டும் என்று அவனுக்குப் பிடிவாதம். பீமா தன் கூட்டாளியின் பைக்கில் வந்தான். வண்டியை ஆஃப் பண்ணவில்லை, இறங்கவுமில்லை. ரோட்டோரத்திலேயே நின்றான்.

பேஷண்டின் வீட்டாருக்கு எத்தனையோ கெட்ட சேதிகளைச் சொல்லியிருக்கிறேன், குரல் நடுங்கியதில்லை. இங்கே நடுங்கியது.

"அண்ணே, அன்னைக்கி நான் என் தம்பியப் பொய்யன்னு சொன்னேன். பொய் சொன்னது அவன் இல்ல. நான் ஊத்தச் சொன்னேன், அவன் ஊத்துனான். மாத்தணும்னு எனக்கே தெரியாது."

டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாஸைக் கழுவ ஆரம்பித்தார். சோணைதான் கேட்டார், வண்டியை வித்த ஐயர் சொல்லவில்லையா தங்கச்சி என்று.

"சொல்ல வந்தாரு. நான் விடல."

திரும்பிப் பார்த்தேன். பீமா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வா என்று சொல்லலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன். "சரி, கேட்டுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டு போய்விட்டான். இவ்வளவு செய்தும் இறங்கி ஒரு வார்த்தை பேசவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பைக் போன திசையில் நின்று நானாகவே திட்டிக்கொண்டிருந்தேன். போதும் தங்கச்சி, போயிட்டான் என்றார் சோணை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எதிர்ப்பக்கம் திரும்பாமல் சோறு போட்டாள். அதுவே பெரிய விஷயம். ஆனால் தினமும் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பைக் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பதை அவள் நிறுத்தவில்லை. நானும் எட்டிப் பார்ப்பேன், அவளுக்குத் தெரியாமல். எஸ்.எஸ். காலனிக்கு ஒரு தடவை போய் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், அந்தப் பேப்பர் கப்பை நினைத்தால் கால் வரவில்லை. ஒரு நாள் போன் மட்டும் போட்டு, வண்டி நன்றாக ஓடியது சார், நோட்டு உபயோகமாக இருந்தது என்றேன். பாதி பொய். அவர் சந்தோஷப்பட்டார். ஆயில் சரியாக மாற்றுகிறீர்கள் அல்லவா என்று கேட்டார். இனிமேல் மாற்றுவோம் என்றேன்.

கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அம்மாவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். போனில் டிங்கென்று சத்தம். பீமாவிடமிருந்து இரண்டு போட்டோ. நான் கேட்கவில்லை, அவனாக அனுப்பியிருந்தான். ஒன்று கம்பெனி வேனின் மீட்டர். இன்னொன்றில் வேனுக்கு அடியில் ஒரு அகலமான இரும்புச் சட்டி, அது நிறையக் கருகருவென்று பழைய ஆயில். பக்கத்தில் கழற்றிய ஃபில்டர், புது ஆயில் டப்பாக்கள், மூடி திறந்து. கீழே ஒரே ஒரு வார்த்தை. மாத்தியாச்சு.

அதை எனக்குச் சேதியாக அனுப்பினானா, செவிட்டில் அறைகிற மாதிரி அனுப்பினானா என்று யோசித்தேன். அறைதான். சந்தேகமேயில்லை. அப்படியிருந்தும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதிலுக்கு ஏதாவது நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன். என் புத்தி எங்கே போகும். கடைசியில் போனது இதுதான்: "பழச எங்கடா கொட்டுன?"

பிறகு பதில் வந்தது. "ஒந் தலையில."

மூன்று மாதத்தில் என் தம்பி என்னிடம் பழையபடி பேசிய முதல் பேச்சு. நான் சிரித்துவிட்டேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன, அவனா, என்னத்த எழுதியிருக்கான், அப்படியே படிச்சுக் காட்டு என்றாள். போனை அவள் பக்கம் திருப்பி, ஒரு வார்த்தைகூட மாற்றாமல் படித்துக் காட்டினேன்.